மூத்தவளின் செல்கள்

ஜூன் 11, புதன்

இந்த டைரியில் இதுவரை சிலிண்டர் வந்த தேதியும் தண்ணீர் வந்த தேதியும்தான் எழுதியிருக்கிறேன். இன்றும் காலையில் தண்ணீர் வந்தது. அதன்பிறகு வந்தவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு காரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதான அதிகாரி. இன்னொருத்தி ஷெரின், முப்பது வயது இருக்கும், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. அவினாசி சாலையில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருகிறார்களாம். என் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பட்டறைக்குப் போன் செய்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து, வார்னிஷ் வாடையோடு வந்து நின்றார்.

விஷயம் இதுதான். சுகந்தி ஒன்பது வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சுகந்தி என் வீட்டுக்காரரின் முதல் மனைவி, அப்போதே இறந்துவிட்டாள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, பக்குவம் செய்து, மூளை செல்களாக மாற்றி வளர்த்திருக்கிறார்கள். அவற்றை ஒரு சிப்பின் மேல் படரவிட்டால் கம்ப்யூட்டர் செய்கிற வேலையைச் செய்கின்றனவாம். சின்ன விளையாட்டுகூடக் கற்றுக்கொள்கின்றனவாம். பெயரை வெளியே சொல்லாமல்தான் வைத்திருந்தார்கள். ஒரு நிருபர் கண்டுபிடித்துவிட்டார். நாளைக்குப் பத்திரிகையில் வருவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"அது அவங்க மூளை இல்ல சார். அவங்க நெனப்பு, ஞாபகம் ஒண்ணும் அதுல கெடையாது. ரத்தத்துல இருந்து வளத்த செல்லு, அவ்வளவுதான்" என்று ஷெரின் மூன்று தடவை சொன்னாள்.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உசுரோட இருக்குதுங்களா?"

"செல்லு உயிரோடதான் இருக்கு சார்."

நான் போட்ட டீயை வந்தவர்கள் இரண்டு பேரும் குடித்தார்கள். அவர் குடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

'இறந்த ஆசிரியையின் மூளையில் ஓடும் கம்ப்யூட்டர்.' முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். மூளை இல்லை என்று அந்தப் பெண் தொண்டை வலிக்கச் சொன்னதெல்லாம் வீண்.

நான் வேலை பார்க்கும் பேக்கரியில் இன்று யாரும் அரசியல் பேசவில்லை. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் பப்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, செத்த பொம்பளைய எழுப்பிக் கணக்குப் போட வெக்கறாங்களாமா?"

"டீச்சராச்சுங்களே. கணக்கு சுத்தமா வருமுங்க."

"நம்ம மூளையச் சும்மா குடுத்தாக்கூட வேண்டாம்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும், "அந்த ஆத்துமா எங்கீங்க போகும்? போறதுக்கு வழியில்லாம நிக்குமில்ல" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டார். காலேஜ் பையன் ஒருவன், இனி கரண்ட் பில்லே வராது, எல்லா ஆபீசிலும் மூளைதான் என்றான்.

முதலாளி மோகனன் சேட்டன் சும்மா இருந்திருக்கலாம். "அது நம்ம வசுமதியோட வீட்டுக்காரரோட மூத்த சம்சாரமாக்கும்" என்றார்.

மொத்தப் பேக்கரியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "அப்ப நீங்க எளையவங்களா?" என்று ஒருவர் கேட்டார். முட்டை பப்ஸ் கேட்டவருக்கு வெஜ் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நானும் வருகிறேனா என்று கேட்டார். எனக்குத் தலைவலி. அவருக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

சாப்பிடும்போது அவராகவே பேசினார். "ஸ்கிரீன்ல ஒரு பந்து வருது வசு. கீழ விடாம அது புடிக்குது. மொதல்ல பத்துக்கு ரெண்டுதான் புடிச்சுதாம். இப்ப ஏழு புடிக்குது."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் சோற்றுத் தட்டின் முன் இவ்வளவு வார்த்தை பேசியதில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். ம் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் கேட்டைத் திறந்தால் வாசலில் செவ்வந்தி மாலை. சுகந்தியிடம் படித்தவர்களாம், பதினோரு பேர் வந்திருந்தார்கள். உள்ளே மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண், டீச்சர் இல்லையென்றால் நான் பத்தாவது தாண்டியிருக்கமாட்டேன் என்று சொல்லி அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லோருக்கும் காபி போட்டேன். டம்ளர் போதவில்லை.

பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா சுவருக்கு மேலே எட்டி, "மூத்தவங்க குடுத்துவெச்சவங்க, வசு. போயும் போகாம இருக்காங்க பாரு" என்றார்.

வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றுகிறது. சுகந்தியின் தலையைச் சுற்றி வெளிச்சம் வரைந்திருக்கிறார்கள். செல்களை உறைய வைத்தால் ஆயிரம் வருடம் இருக்கும் என்று கீழே எழுதியிருக்கிறது.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆயிரம் வருடம் இருக்கப்போவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

அவருக்குப் போன் வந்தது. திரையில் 'ஷெரின் மேடம்' என்று இருந்தது. எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பேசினார். வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தவர் நேராக வீட்டுக்குள் வரவில்லை. பின்பக்கத் தொட்டியிலிருந்து தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்தார். ஏன் என்று கேட்டேன். வெயில் என்றார். மத்தியானத்திலிருந்து தூறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. இட்லி நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

ஜூலை 9, புதன்

மறுபடியும் போன். மறுபடியும் தலைக்குக் குளியல். சட்டையில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. நான் மோந்து பார்க்கிற ரகம் இல்லை. துவைக்கத்தான் எடுத்தேன்.

அந்த ஷெரினுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றார். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. அது ஒரு நிம்மதி. அப்படியானால் போவது அந்தப் பெண்ணுக்காக இல்லை. இன்னொருத்திக்காகத்தான். அவளை எப்படிப் போட்டி போட்டு ஜெயிப்பது? அவள் குழம்பில் உப்புக் கூடாது, குறையாது. அவளுக்கு முடி கொட்டாது. அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகமாட்டாள். பத்துக்கு ஏழு பந்து பிடித்தால் போதும், அவர் ஊரெல்லாம் சொல்வார். நான் பத்துக்குப் பத்து பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நல்லசிவம் என்பவர் நாலைந்து பேரோடு பேக்கரிக்கு வந்தார். உயிர் செல்களைக் கம்ப்யூட்டராக்குவதை நிறுத்தச் சொல்லி இயக்கம் ஆரம்பித்திருக்கிறார்களாம். ஏற்கெனவே நாலாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"அதுக்கு வலிக்குதா இல்லியான்னு ஆருக்கும் தெரியாதுங்க அம்மிணி. தெரியாத ஒண்ண உசுரோட வெச்சு வேல வாங்கறது நாயமுங்களா?"

மனிதர் சும்மா பேசவில்லை. நிறையப் படித்திருக்கிறார், குரலில் உண்மை இருந்தது. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான் கையெழுத்துப் போட்டதற்கு அதுதான் காரணம்.

சனிக்கிழமை கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூட்டம். குடும்பத்திலிருந்து ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்றார்.

ஜூலை 19, சனி

பேசினேன்.

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். இருநூறு பேர் இருப்பார்கள். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். என்ன பேசுவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "எங்கக்காவ நிம்மதியா விடுங்க. செத்தும் அவங்க வேலை செய்யணுமா? அவங்க பட்டதெல்லாம் போதாதா?" என்று சொன்னேன். அழுதுவிட்டேன். நான் நடிக்கவில்லை. அழுகை தானாகத்தான் வந்தது.

சுகந்தியை நான் பார்த்ததே இல்லை. அக்கா என்று இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். பேக்கரிக்கு வந்த இரண்டு பெண்கள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "மூத்தாளுக்காக அழுகற மனசு ஆருக்குங்க வரும்?" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மோகனன் சேட்டன் மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவரும் பார்த்திருக்கிறார். "நல்லாப் பேசுன" என்றார். அவசர வேலை இருக்கிறது என்று பட்டறையிலேயே படுத்துக்கொண்டார்.

ஜூலை 26, சனி

ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் ஊர்வலம் போனவர்களில் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். ஜன்னல் உடைந்து ஷெரினின் நெற்றியில் ஐந்து தையல். கல்லை எடுத்தவன் என் படம் போட்ட பதாகையைப் பிடித்திருந்தான் என்று செய்தியில் காட்டினார்கள்.

நான் யாரையும் கல்லெறியச் சொல்லவில்லை. நல்லசிவம் ஐயாவும் சொல்லவில்லை. அவர் போனில் அழாத குறைதான்.

துணி ஊறவைத்தேன். துவைக்க மனம் வரவில்லை. ஊறவைத்தது ஊறிக்கொண்டே கிடக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ப்பால் சோறு செய்தேன். ருக்மணி அக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன்.

கல்லெறிந்த பிறகு அரசாங்கம் போட்ட விசாரணைக் கமிட்டியிலிருந்து வெள்ளிக்கிழமையே கடிதம் வந்திருக்கிறது. அவர் இன்றுதான் காட்டினார். சுகந்தியின் பெற்றோர் இல்லாததால் கணவரைக் கேட்டிருக்கிறார்கள். செல்களைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா, மொத்தமாக அழித்துவிடலாமா என்று பதினைந்து நாளில் எழுத்து மூலம் சொல்ல வேண்டும்.

கடிதத்தை என் பக்கம் நகர்த்தி, "நீயே எழுதிரு. கீழ நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்.

"நான் ஆருங்க அதச் சொல்றதுக்கு?"

"டிவில நீதான சொன்ன, எங்கக்கான்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கேலியாகவும் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியவர் மாதிரி சொன்னார். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மொத்தமாக அழித்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன். நான்கு வரிதான். நல்லசிவம் ஐயா சொல்லிக்கொடுத்த மாதிரி கௌரவமாக எழுதினேன். ஆனால் வீட்டுக்காரரிடம் கையெழுத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எதை ஒழிக்கப்போகிறேன் என்றாவது தெரிய வேண்டாமா? பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டு, அவருக்குச் சொல்லாமல், பஸ் ஏறினேன்.

கேட்டில் போலீஸ் நின்றது. என் முகத்தைப் பார்த்ததும் அந்தக் காவலருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே போன் செய்தார். ஷெரின் தானே வந்து கூட்டிப்போனாள். நெற்றியில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள், "ஏறி வாங்க அக்கா, படி வழுக்கும்" என்றாள்.

கவுன் மாதிரி ஒன்றும் தொப்பியும் மாட்டிவிட்டாள். ஒரு பெட்டிக்குள் வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டுகள். மூக்குத்தி டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ரோஸ் நிறத்தில் தண்ணீர். அடியில் சிப். செல்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

இதுவா? இரண்டு மாதமாக நான் சோறு இறங்காமல் கிடந்தது இதற்காகவா?

"அவரு இதுகிட்ட என்ன பேசுவாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

ஷெரின் பெட்டியின் கதவை மூடினாள். "சார் உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

பிறகு சொன்னாள். இந்தத் தட்டுகள் எதுவும் ரொம்ப நாள் இருக்காது. சில மாதம்தான். ஒரு தட்டு முடிந்தால், உறைய வைத்திருப்பதிலிருந்து இன்னொன்று வளர்ப்பார்கள். ஆயிரம் வருடம் என்பதெல்லாம் வாட்ஸப்பில்தான். அவர் முதல் நாள் பார்த்த தட்டு, பத்துக்கு ஏழு பிடித்த தட்டு, ஜூன் மாதமே போய்விட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொல்லிட்டேன் அக்கா. அப்போ சார் ஒண்ணுதான் கேட்டாங்க. இனி ஒரு தட்டு போற நேரம் வந்தா எனக்குப் போன் பண்ணுங்க, நான் வந்து நிக்கேன்னு. டீச்சர் போனப்போ சார் பக்கத்துல இல்லையாம். பல்லடத்துல ஏதோ மில்லுல மோட்டாருக்கு அடியில கெடந்தாங்களாம். சேதி வந்து சேரவே ரெண்டு மணி நேரம் ஆச்சாம். இது டீச்சர் இல்ல சார்னு நான் சொன்னேன். தெரியும்மா, சும்மா நிக்கேன்னு சொன்னாங்க. சிக்னல் நின்னதுக்கப்புறம் பிளீச் ஊத்தித்தான் கழிப்போம். அது முடியுறது வரைக்கும் நிப்பாங்க. அப்புறம் போயிருவாங்க."

அப்போதுதான் அந்தக் குளியல் புரிந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் வேறு எப்படி வீட்டுக்குள் வருவார்?

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று தெரியவில்லை. முதலில் வந்தது கோபம். ஒன்பது வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை, ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்த என்னிடம் சொல்லாமல், யாரோ ஒரு பெண்ணிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார். இப்போது எனக்கு யார் மேல் பொறாமை என்றே தெரியவில்லை.

எழுதி வைத்திருந்த கடிதத்தைத் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கிழித்தேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். மொத்தமாக அழிக்கச் சொன்னால் எல்லாத் தட்டும் ஒரே நாளில் போகும். அவர் போய் நிற்பார். அன்றைக்கு அங்கிருந்து அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர என்னால் முடியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

'தொடர்ந்து வைத்திருக்க ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "நெசமாத்தானா வசு?" என்றார். "கையெழுத்தப் போடுங்க. பேனா காஞ்சிரும்" என்றேன்.

நான் போய் வந்ததைச் சொல்லவில்லை. அவரும் எதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

செய்தி வெளியே போய்விட்டது. கையைப் பிடித்துக்கொண்ட அதே பெண் இன்று பேக்கரிக்கு வந்தாள். வேறு ஆளை விட்டுப் பன் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். "எவ்வளவு பெரிய பொட்டி வாங்குனாங்களோ" என்று வெளியே நின்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். என் அழுகையை எடுத்து, பின்னால் சிரிப்புச் சத்தம் போட்டு, வீடியோ சுற்ற விட்டிருக்கிறார்கள். அதைப் பத்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நல்லசிவம் ஐயா மட்டும் நேரில் வந்தார். "நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நெனைக்கலீங்க அம்மிணி."

"நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலீங்கய்யா. என்ர வீட்டுல வேற ஒரு நாயம் இருக்குதுங்க."

அவர் டீ குடித்துவிட்டுத்தான் போனார். கோபம் இருந்தது. ஆனாலும் குடித்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மத்தியானம் இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. ஷெரின். "சாருக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன் அக்கா, கெடைக்கல. ஒரு தட்டு சாயங்காலம் வரை தாங்காது. சாருக்குச் சொல்லிருவீங்களா?"

அவர் உடுமலையில் ஒரு நூல்மில்லுக்குப் போயிருக்கிறார். எனக்கும் கிடைக்கவில்லை. மில்லின் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்துச் சொல்லச் சொன்னேன். சொல்கிறோம் என்றார்கள். சொல்வார்களா என்று தெரியவில்லை.

கேக் டிரேயை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். எதற்காகப் போனேன் என்று இப்போது உட்கார்ந்து யோசித்தாலும் சரியாக எழுத வரவில்லை.

திரையில் நிறையக் கோடுகள் இருந்தன. முக்கால்வாசி படுத்துவிட்டன. நான்கைந்து மட்டும் இடையிடையே துடித்தன.

"ஏதாச்சும் பேசணும்னா பேசலாம் அக்கா. அதுக்குக் கேக்காது. சார் பேசுவாங்க" என்று ஷெரின் சொன்னாள்.

"என்ன பேசுவாரு?"

"தெரியாது. நான் வெளிய போயிருவேன்."

அவள் வெளியே போனாள். நான் நின்றேன். அந்த அறையில் குளிர் அதிகம். தட்டைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. சண்டை போடுவதற்காவது ஒரு முகம் வேண்டும். அங்கே அதுவும் இல்லை. உனக்கு ஞாபகம் கிடையாது, காது கிடையாது, நீ அவளும் கிடையாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு கோடுதான் மிஞ்சியது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"அவரு கெளம்பிட்டாருங்க. பஸ்ல வந்துட்டு இருக்காரு. இந்தா, வந்துருவாரு."

கிளம்பினாரா என்று எனக்கே தெரியாது. பொய்யாகத்தான் சொன்னேன். மறுபடியும் மறுபடியும் சொன்னேன். நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கடைசிக் கோடும் படுத்தது.

ஷெரின் வந்து எல்லாவற்றையும் முடிக்கிற வரை நின்றேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு அவர் கேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். மில் கிரீஸ் கையெல்லாம் அப்பியிருந்தது. என்னை அங்கே பார்த்ததும் நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தே முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

"ஆராச்சும் கூட இருந்தாங்களா?" என்றார்.

"நான் இருந்தேனுங்க."

படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் இன்றுதான் என் முன்னால் அழுதார். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டு நின்றார், அதையும் பொருட்படுத்தவில்லை. யாருக்காக அழுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அழுதது என் தோளில்.